அக்கா கையில் ஆசிட் பாட்டில்

உன் பாத்ரூமுக்குக் கல்லு பாக்குறேன்னு போன் சூடாகுற அளவுக்கு இத்தாலிப் படமா அனுப்பியிருக்க மாப்ள. எல்லாத்தையும் பாத்தேன். வெள்ளை வெளேர்னு கல்லு, நடுவுல சாம்பல் ரேகை, மூலையில ஒரு பச்சைச் செடி, சுவத்தோரம் மடிச்சுத் தொங்கவிட்ட துண்டு. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இத்தனை படத்துல எங்கயாவது ஒரு வாளி இருக்கா? ஒரு மக்கு? ஊறவச்ச துணி? அவ்வளவு ஏன், தரையில ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா? அந்த ஊர்க்காரன் கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு குளிச்சு, மிதியடியில காலைத் தொடச்சுட்டு வெளிய வர்றான். அவன் பாத்ரூம் தரை நம்ம வீட்டு ஹாலை விடக் காஞ்சு கெடக்கும். உங்க வீட்ல உங்கம்மா, அதான் எங்கக்கா, துணி அலசுனா, அந்தத் தண்ணி கதவிடுக்கு வழியா பெட்ரூம் வரைக்கும் வந்து யாரு தூங்குறான்னு எட்டிப் பாத்துட்டுப் போகும். இதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் படத்தை எல்லாம் இன்னொரு தடவை பாரு. பாதியை நீயே அழிச்சுருவ.

நான் ஒத்தக்கடைப் பக்கம் கல்லுப் பட்டறையில காலந்தள்ளுனவன். அதனால கல்லைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாம்னு எனக்கு ஒரு தைரியம். இத்தாலியைப் பத்தி நீதான் பேசணும். ஏரோப்ளேன்ல அந்தப் பக்கமா போனவன் நீ.

கல்லு வாங்கப் போறவன் மொதல்ல ஷோரூமுக்குப் போகக்கூடாது மாப்ள. வீட்டுப் பின்கட்டுக்குப் போகணும். அங்க மூலையில என்னென்ன பாட்டில் நிக்குதுன்னு பாக்கணும். "ஆசிட்… பெனாயில்… சோப்பாயில்…"னு கூவிக்கிட்டு மூணு சக்கர வண்டியில வர்றானே, அவன் எங்கக்காவுக்குக் கூடப் பொறக்காத தம்பி. கூடப் பொறந்த என்னை விட அவனைத்தான் வாசல்லயே நின்னு வரவேப்பா. அக்காவைப் பொறுத்தவரைக்கும் பொங்குனாத்தான் சுத்தம். நொரை வரலேன்னா "தண்ணி கலந்து ஏமாத்திட்டான்"னு அடுத்த வாரம் வண்டிக்காரனை மறிச்சு நிப்பா.

இப்ப மார்பிள்னா என்னன்னு கேளு. சுண்ணாம்புக் கல்லு பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் கெடந்து மாறுனதுதான் மார்பிள். அப்பத்தா வெத்தலையில தடவுறாளே சுண்ணாம்பு, அதுக்குப் பங்காளி. ஆசிட் பட்டா கரையும், கரையும்போது பொங்கும். அக்கா உன்னைக் கூப்புட்டுக் காட்டுவா: "பாருடா, எவ்வளவு அழுக்கு பொங்குது!" பொங்குறது அழுக்கில்ல மாப்ள. உன் சதுர அடி ரேட்டு.

"ஆசிட்டை நிப்பாட்டச் சொல்லிர்றேன் மாமா"ங்கிற. சொல்லிப்பாரு. நாப்பது வருசமா உங்கப்பா சொல்லி ஒண்ணும் நடக்கலை. அப்பிடியே அக்கா மனசு எரங்குனாலும், கம்மோடு கழுவுறதுக்குன்னு கடையில ஒரு பாட்டில் விக்கிறான் பாரு, அதுக்குள்ள இருக்குறதும் அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுத்தான், சாயம் கலந்து வாசனை போட்டது. கம்மோடுக்குள்ள ஊத்துனா கம்மோடோட நிக்குமா? பிரஷ்ஷைப் போட்டுத் தேச்சா நாலு பக்கமும் தெறிக்கும். தெறிச்ச எடமெல்லாம் பளபளப்புப் போயி, அம்மைத் தழும்பு விழுந்துரும்.

உடனே ஷோரூம் தம்பி வாயைத் தொறப்பான்: "சீலர் அடிச்சுத் தர்றோம் சார், கவலையே வேணாம்." சீலர் நல்ல சாமான்தான், இல்லேங்கல. கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. அதுல எறங்கி உக்காந்துக்கிட்டு எண்ணெய், மஞ்சள், மருதாணி, முடிக்குப் பூசுற சாயம் எல்லாத்தையும் சீக்கிரம் உள்ள விடாமப் பாத்துக்கும். ஆனா ஆசிட்டு உள்ள போயிக் கறை பண்றதில்ல. மேலயே நின்னு தோலைத் தின்னுது. அதைச் சீலர் தடுக்காது. இந்த ஒரு விசயத்தை மட்டும் எந்த ஷோரூம்லயாவது நீ கேக்காம அவனாச் சொன்னான்னா, அவன்கிட்டயே கல்லு எடு. யோக்கியன்.

மைக்கேலாஞ்சலோன்னு ஒரு ஆசாரி தாவீதுன்னு ஒரு சிலை செதுக்குனாரே, அது கராரா மலையில வெட்டுன வெள்ளைக் கல்லு. 1504ல பிளாரன்ஸ் ஊரு மந்தையில நிறுத்துனாங்க. மழையிலயும் வெயில்லயும் கெடந்து கல்லு வீணாப் போகுதுன்னு 1873ல கட்டடத்துக்குள்ள கொண்டுபோயி வச்சுட்டாங்க. அந்த ஊர்க்காரனே மழைக்குப் பயந்து உள்ள தூக்கி வச்ச சாதிக் கல்லை, நீ சோழவந்தான் போர்த் தண்ணியில, ஷவருக்கு அடியில, எங்கக்கா கைக்கு எட்டுற ஒசரத்துல நிறுத்தப் போற. உன் தைரியம் அவனுக்கு வரலை மாப்ள.

நம்ம நாட்டு மக்ரானாவும் அதே குலம்தான். தாஜ்மகால் அந்தக் கல்லுல கட்டுனது. மஞ்சளிச்சுப் போச்சுன்னு தொல்லியல் துறைக்காரங்க முல்தானி மிட்டியைக் குழைச்சு அப்பி, காயவச்சுக் கழுவுறாங்க. என் மருமக மூஞ்சிக்குப் பூசுறாளே, அதே மண்ணுதான். மார்பிள்ல எண்ணெய்க் கறை விழுந்தா அதுதான் வைத்தியமும். மண்ணையோ சோடா உப்பையோ கெட்டியாக் குழைச்சு அப்பி, மேல பாலித்தீன் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டு, அப்புறம் தாளை எடுத்துட்டா, காயுறப்ப கறையை உறிஞ்சுக்கிட்டு வரும். தீவாளிக்குத் தீவாளி எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுத் தரைக்கு மூஞ்சிப் பூச்சு பூசிக்கிட்டு உக்காந்திருக்க உனக்கு லீவு இருந்தா மார்பிள் எடு.

மார்பிள்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா, கம்மோடுக்கும் ஷவருக்கும் எட்டாத சுவத்துல, கண்ணாடியைச் சுத்தி ஒரு பட்டை போட்டுக்க. வர்ற சொந்தக்காரன் அதைத்தான் பாப்பான். தரையை எவன் பாக்குறான்?

கடப்பா, கோட்டா, தாண்டூர், இந்த மூணுமே சுண்ணாம்புச் சாதிதான். வெலை கொறைவு. கோட்டாக் கல்லு மேல எனக்குத் தனி மருவாதி உண்டு. எத்தனையோ பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதைப் போட்டு எத்தனையோ வருசம் மிதிச்சும் தேயாம நிக்குது. பாலிஷ் ஏத்தாம வாங்குனா கால் பிடிக்கும். ஆனா ஆசிட்டுக்கு அதுவும் அழும். கடப்பாவோட கறுப்பு பாலிஷ்ல வர்ற கறுப்பு. பாத்ரூம்ல போட்டா கொஞ்ச நாள்ல வெளுத்து, சாம்பல் பூசுன சாமியாராட்டம் நிக்கும். சிலேட்டுக் கல்லு அழகு. நம்ம காலத்துல அ, ஆ எழுதுன பலகைக்கு மார்க்காபூர் பேர் போனது. ஆனா அது ஏடு ஏடா உரியுற கல்லு. அந்த மடிப்புக்குள்ள சோப்பு அழுக்கு போயி உக்காந்தா, எடுக்குறதுக்குப் பல்லு குத்துற குச்சிதான் வேணும்.

ஆக, அக்கா இருக்குற வீட்டுக்குக் கிரானைட்டு. அதோட மணி பெரும்பாலும் குவார்ட்சும் பெல்ஸ்பாரும். வண்டிக்காரன் ஆசிட்டு அதை ஒண்ணும் பண்ணாது. கல்லுக்குள்ள இரும்புச் சத்து இருந்தா மட்டும் நாளடைவுல துருப் பொட்டு வைக்கும். ஆசிட்டு ஊத்தாம இருந்தா அதுவும் மெதுவாத்தான் வரும்.

கிரானைட்லயும் பேரைப் பாத்து மயங்காத. காஷ்மீர் ஒயிட்டுன்னு ஒண்ணு காட்டுவான். வெள்ளையில சின்னச் சின்னச் செவப்புப் புள்ளி தெளிச்சிருக்கும். அந்தப் புள்ளி கார்னெட்டுக் கல்லு. நீ "ஆகா, காஷ்மீர்!"னு வாயைப் பொளப்ப. அது பொறந்தது நம்ம மதுரைச் சீமையில மாப்ள. காஷ்மீரை டீவியில கூடப் பாத்ததில்ல. (நம்ம மேலூர்ப் பக்கம் மலை இருந்த எடத்துலயெல்லாம் இப்ப பள்ளம் கெடக்கே, 2014ல ஐகோர்ட்டு ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை அனுப்பி விசாரிக்கச் சொன்னது அந்தக் கிரானைட்டுக் கதையைத்தான். அது வேற கணக்கு, பேசுனா பொழுது விடிஞ்சிரும்.) பேரை விடு, கொணத்தைச் சொல்றேன். அந்த வெள்ளைக் கல்லு தண்ணியை நல்லா உறிஞ்சும். குளிச்சு முடிச்சப்புறமும் கருத்துப்போயி, காய மாட்டேன்னு அடம் பிடிக்கும். ஈரத்துல கெடக்குற தரைக்கு அது ஆகாது.

இந்தப் பக்கம் பிளாக் கேலக்ஸி. பிரகாசம் ஜில்லா சீமகுர்த்தியில வெட்டுறது. கறுப்புல தங்கப் பொடி தூவுன மாதிரி மின்னும். உலகம் பூரா கப்பல் ஏறுற கல்லு. உறிஞ்சாது, ஆசிட்டுக்குப் பயப்படாது. வேற என்ன கொறைங்கிறியா? உங்க வீட்டுப் போர்த் தண்ணி. காபி டம்ளரு அடியில வெள்ளைப் படலம் கட்டுதே, அதே உப்பு குழாயைச் சுத்திக் கறுப்புக் கல்லு மேல கோலம் போடும். அந்தக் கோலத்தை அழிக்க அக்கா மறுபடியும் ஆசிட் பாட்டிலைத் தூக்குவா. கல்லு தாங்கிக்கும், கல்லுக்கு நடுவுல இருக்குற சிமெண்டு தாங்காது. நல்ல தண்ணி ஊர்ல கறுப்பு, உப்புத் தண்ணி ஊர்ல சாம்பல். அவ்வளவுதான் கலரு சாஸ்திரம். வாஸ்துக்காரன்கிட்ட இதைக் கேட்டு ஐந்நூறு ரூவா குடுத்துராத.

இப்ப பினிஷ்க்கு வருவோம். பட்டறையில கல்லு தேய்க்கிறதை நீ பாத்ததில்லையே. பலகைக் கல்லு மேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், மிஷின் தலையில வட்டக் கட்டைங்க சுத்தும். மொதல்ல 60 நம்பர், சொரசொரன்னு. அப்புறம் 120, 220, 400, 800ன்னு ஏறி மூவாயிரத்துல போயி நிக்கும். நானூறு வரைக்கும் கல்லு ஊமை. அதுக்கு மேல போகப் போகத்தான் கலரு எந்திரிச்சு வரும். கடைசியில மேல தொங்குற டியூப்லைட்டு கல்லுக்குள்ள எரியும். எந்த நம்பர்ல கையை எடுக்குறோமோ அதுதான் பினிஷ். கடைசி வரைக்கும் ஓட்டுனா பாலிஷ். நடுவுல நிறுத்துனா ஹோன்டு, நம்ம ஆளுங்க மேட்டுன்னு சொல்றது. வைர மணி பதிச்ச பிரஷ்ஷை விட்டு ஓட்டுனா மெதுவான மணி எல்லாம் தேஞ்சு, கெட்டி மணி எல்லாம் நின்னு, மேடு பள்ளமா வரும். அதுக்கு லெதர்னு பேரு. மாட்டுத்தோலைத் தடவுன சொகம். ஒரே கல்லு, ஒரே மலை, எத்தனையோ வேசம்.

எனக்குப் பிடிச்ச வேசம் பிளேம். ஆக்சிஜனும் கேஸும் சேத்து ஊதுற பர்னரு. ஈரக் கல்லு மேல அதைச் சாய்ச்சுப் பிடிச்சு நகத்திக்கிட்டே போவான். நெருப்பு பட்ட எடத்துல மேல் தோலு பொரிகடலையாட்டம் படபடன்னு தெறிக்கும். கண்ணாடி போடாதவன் கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடுவான். 573 டிகிரியைத் தாண்டுனா குவார்ட்ஸ் மணி திடீர்னு பருக்கும், பக்கத்து மணிக்கு எடம் பத்தாது, வெடிச்சுக் கெளம்பும். பட்டறைக்கு வந்த இன்ஜினியர் சொன்னது இது. கல்லு 18, 20 எம்எம் கனமாவது இருக்கணும், மெலிசா இருந்தா ரெண்டாப் பொளந்துக்கும். மார்பிளை இப்பிடி எரிக்கக் கேட்டுராத. குவார்ட்சும் இல்ல, வெடிக்கவும் வெடிக்காது. சூடு ஏறுனா சுண்ணாம்பாத்தான் போகும், அப்பத்தாவுக்கு ஆகும். கறுப்புக் கல்லை எரிச்சா கறுப்பு ஓடிப்போயி சாம்பல்தான் மிஞ்சும். கறுப்புக்குன்னு காசு குடுத்துட்டு அப்புறம் பட்டறைக்காரனைத் திட்டாத.

எரிச்ச கல்லு ஈரத்துல நல்லாப் பிடிக்கும். கார் நிறுத்துற எடத்துக்கு, வாசப்படிக்கு அப்பிடியே போடலாம். பாத்ரூமுக்கு அது கொஞ்சம் அதிகம். வெறுங்கால் குத்தும், மாப்பு நூலு சிக்கும். அதனால எரிச்ச கல்லு மேல ஒரு பிரஷ் ஓட்டச் சொல்லு. கூர் மழுங்கி, பிடிப்பு மட்டும் நிக்கும். புஷ் ஹாமர்னு இன்னொண்ணு காட்டுவான். வேற ஒண்ணும் இல்ல, அம்மி கொத்துறவன் உளியால டொக்கு டொக்குன்னு பண்ணுன வேலையை மிஷின் பண்ணுது. ரேட்டைக் கேட்டா அம்மி கொத்துறவன் ஆவி வந்து அழும்.

பாலிஷ் போட்ட கல்லைத் தரைக்குப் போடவே கூடாதான்னு கேக்குற. போடலாம். சோப்பு, ஷாம்பு, சீயக்கா, எண்ணெய் ஒண்ணும் சேக்காத வீடா இருந்தா போடலாம். ஷோரூமுக்குப் போறப்ப ஒண்ணு செய்யி. செருப்பைக் கழட்டு. ஒரு மக்குத் தண்ணி கேளு, பையில இருந்து ஷாம்புப் பாக்கெட்டை எடுத்துக் கிழிச்சு ஊத்து. பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு அந்தக் கல்லு மேல ஏறி நின்னு, காலு கழுவுறாப்புல ஒத்தக் காலைத் தூக்கு. சேல்ஸ் தம்பி மொகத்தைப் பாக்காத, கல்லைப் பாரு. விழணும்னு இருந்தா அங்கயே விழுந்துரு, பக்கத்துல சோபா போட்டிருப்பான், காபியும் குடுப்பான். வீட்ல உங்கப்பா விழுந்தா சோபா இல்ல. பாலிஷுக்குக் குடுத்த காசை விட இடுப்புக்குப் பிளேட்டு வைக்கக் குடுக்குற காசு ரொம்ப அதிகம் மாப்ள.

போறப்ப எலுமிச்சம்பழம் ஒண்ணும் எடுத்துக்க. கண்ணேறு கழிக்க வந்திருக்கான்னு நெனைப்பாங்க, நெனைக்கட்டும். சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, பழத்தை ரெண்டா அறுத்து அது மேல கவுத்தி வச்சுட்டு வெலையைப் பேசு. அரைமணி கழிச்சு எடுத்துத் தொடை. வட்டமா மங்குச்சுன்னா அது சுண்ணாம்புச் சாதி, அவன் என்ன பேரு வச்சிருந்தாலும் சரி. பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி விட்டு வை. அஞ்சு நிமிசத்துல கருத்தா நல்லாக் குடிக்கிற கல்லு. கறுப்புக் கல்லுன்னா வெள்ளைத் துணியில தின்னரைத் தொட்டுத் தேச்சுப் பாரு. துணி கருத்தா, கல்லுக்குச் சாயம் அடிச்சிருக்கான். எங்க மாமனாரு மீசைக்கு அடிக்கிறாரே, அந்தச் சமாச்சாரம்தான். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தா சாதுவாக் கேளு, "எதுக்குத் தம்பி கட்டுப் போட்டிருக்கு?"ன்னு. வெளிநாட்டு மார்பிள்ல விரிசல் நெறைய, அதைப் பசை ஊத்தி வலை கட்டித்தான் அனுப்புவான். அது குத்தம் இல்ல. ஆனா உடைஞ்சதுக்கு முழு வெலை குடுக்கக்கூடாது.

"பேசாம டைல்ஸே போட்டுறவா மாமா?"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக் கேக்குற. தாராளமாப் போடு. கல்லு மாதிரியே படம் அடிச்சு வருது, ஆசிட்டுக்கு அசையாது. இத்தாலிக்காரனே சசுவோலோன்னு ஒரு ஊரையே டைல்ஸ் சுட வச்சிருக்கான், மார்பிள் படம் போட்டே விக்கிறான். ஆனா உனக்குத் தொட்டாக் குளிரணும், மலை வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கணும். அந்த ஆசை தப்பில்ல. எனக்கும் இருக்கு, காசுதான் இல்ல.

என்கிட்ட விட்டா நான் எடுக்குறது இதுதான். தரைக்கு நடுச் சாம்பல் கிரானைட்டு, எரிச்சுப் பிரஷ் ஓட்டுனது. அதை அடிக்கு அடியாச் சின்னத் துண்டா அறுக்கச் சொல்லு. இணைப்பு கூடுனா காலுக்குப் பிடி, வாட்டம் எடுக்கவும் வசதி. முழுப் பலகையைப் போட்டுட்டு நடுவுல தண்ணி போற ஜாலி வைக்கச் சொன்னா, நாலு பக்கமும் அது எப்பிடி வளையும்? பெரிய கல்லுதான் வேணும்னா ஜாலியை ஒரு சுவரோரமா நீளமா வச்சு, ஒரே பக்கம் சரிவு குடு. ஆறடிக்கு ஒரு இஞ்சு எறங்கணும். கொத்தனார் "கண்ணுக்குத் தெரியாது, ஓடிரும்"னு சொல்லுவாரு. ஓடாது. அக்காதான் தொடைப்பத்தால ஓட்டுவா, உன்னையும் சேத்து. சுவத்துக்கு அதே கல்லை மேட்டா விட்டுரு. தரையும் சுவரும் ஒரே மலை, ரெண்டு வேசம், பாக்க அம்சமா இருக்கும்.

சுவத்துல ஏத்துறது வெளையாட்டில்ல. 18 எம்எம் கிரானைட்டு ஒரு சதுர அடி நாலரைக் கிலோ. எட்டுக்கு ஆறு சுவருக்கு இருநூறு கிலோவுக்கு மேல. வெறும் சிமெண்டுப் பாலுல ஒட்டுறேம்பான், ஒத்துக்காத. கல்லுக்குன்னு இருக்குற பசையும், பெரிய துண்டுக்குப் பின்னாடி கொக்கியும் வேணும். வெளுத்த கல்லா இருந்தா வெள்ளைச் சிமெண்டு, வெள்ளைப் பசை. சாம்பச் சிமெண்டு வச்சா அடியில இருந்து நெழலு ஏறும், நீ சோப்புப் போட்டு மேல தேச்சுக்கிட்டே இருப்ப. இணைப்புக்கு எப்பாக்ஸி கேளு, வெலை கூடத்தான். கல்லு ஏறுறதுக்கு முந்தி வாட்டர்ப்ரூப் அடிச்சு, ரெண்டு நாள் தண்ணி கட்டிப் போடு. கீழ்வீட்டுக்காரன் சீலிங்கைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலேன்னா சரி.

அக்காவுக்கு என்ன பண்றதுன்னுதானே யோசிக்கிற? ஆசிட்டை நிறுத்தச் சொல்லாத. கல்லு எடுக்கப் போறப்ப அக்காவையே கூட்டிட்டுப் போ. எலுமிச்சம்பழத்தை அக்கா கையில குடுத்துத் தேய்க்கச் சொல்லு. மங்குனதைப் பாத்து "அய்யய்யே, இதெல்லாம் ஒரு கல்லா"ன்னு ஷோரூமே அதிர அவளே சொல்லுவா. நம்ம சொன்னா கேக்காத சனம், தான் கண்டுபிடிச்சா ஊருக்கே சொல்லும். அன்னைக்கு வேணும்னா வண்டிக்காரன்கிட்ட சோப்பாயில் மட்டும் வாங்குவா. கிரானைட்டுக்குத் தினமும் அதுவே தாராளம், கூட ஒரு ரப்பர் வைப்பர். குளிச்சவங்க அவங்கவங்க தண்ணியை ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்தா உப்புக் கோலம் விழாது. நீ இழுப்பியாங்கிறது எனக்குச் சந்தேகம்தான், உன் பொண்டாட்டி நல்லவ, இழுப்பா.

அளவு எடுத்து வர்ற கணக்குக்கு மேல பத்துக்கு ஒண்ணு கூடுதலாச் சொல்லு. ஒரே பாளத்துல அறுத்ததா, ஒரே லாட்டா இருக்கணும். நாளைக்கு ஒண்ணு ஒடைஞ்சு திரும்ப அதே பேரைச் சொல்லிக் கேட்டா, வேற மலையைக் குடுப்பான். மிச்சம் நிக்குற துண்டைப் பத்திரமா எடுத்து வை. அதுல எரிச்ச கல்லா பெருசா ஒண்ணு பாத்து, வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியில போட்டுக் கொண்டா. கெணத்தடியில எனக்குத் துவைக்கிற கல்லு தேஞ்சு போச்சு. யோசனைக்குக் கூலியெல்லாம் வேண்டாம், மாமன் வாங்குவேனா? ஆட்டோ வாடகை மட்டும் நீ குடுத்துரு.